போர்ஷன் முடியாத வகுப்பு



தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரையும் நடுராத்திரியில் எழுப்பி, "குடவோலை முறையைப் பற்றிக் கூறும் கல்வெட்டு எது?" என்று கேட்டால், கண்ணைத் திறக்காமலே "உத்திரமேரூர்" என்பார்கள். ஒரு மார்க் கேள்வி. மார்க்கை வாங்கிக்கொண்டு திரும்பிப் படுத்துவிடலாம். அந்தக் கல்வெட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று அடுத்த கேள்வியைப் போட்டால் தூக்கம் கலைந்துவிடும். நான் பேச வந்தது அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் அதைக் கேட்டால் என்ன நடக்கிறது, கேட்பதற்கான நேரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றி.

நான் பாடம் நடத்துவது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சிறிய தனியார் பள்ளியில். மாற்றுப் பள்ளி என்று எங்களைச் சொல்வார்கள், நாங்களும் மறுப்பதில்லை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வரலாறு, புவியியல், குடிமையியல், கதை வாசிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஆசிரியர் நடத்துகிறோம். கால அட்டவணையில் 'மானுடப் பாடங்கள்' என்று கம்பீரமாக எழுதியிருக்கும். பிள்ளைகள் 'சோஷியல்' என்றுதான் சொல்வார்கள். ஆசிரியர்களை அக்கா, அண்ணா என்று கூப்பிடுவது எங்கள் பள்ளி வழக்கம். இனி நான் சொல்லப்போகும் உரையாடல்களில் வரும் 'அக்கா' நான்தான்.

முதலில் நேரக் கணக்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையும் பொதுத்தேர்வு எழுத வேண்டியதில்லை என்றது. 2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைக்கலாம் என்று வழி திறந்தார்கள். தமிழ்நாட்டிலும் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆக, ஆறு முதல் எட்டு வரை மூன்று ஆண்டுகள் நம் பிள்ளைகளின் தலைக்கு மேல் பொதுத்தேர்வுக் கத்தி தொங்குவதில்லை. பத்தாம் வகுப்பு ஆசிரியரிடம் போய் ஒரு கல்வெட்டுக்கு மூன்று வாரம் கேட்டால் அடிக்க வருவார். அதில் நியாயமும் இருக்கிறது. ஏழாம் வகுப்பு ஆசிரியருக்கு அந்தச் சாக்கு கிடையாது. தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சுத்தமாகக் கிடையாது. எமிஸ் இணையதளப் பதிவு, பயிற்சிக் கூட்டம், தேர்தல் பணி என்று அரசுப் பள்ளி ஆசிரியரைப் பிடுங்கித் தின்னும் வேலைகளில் பெரும்பகுதி எங்கள் பக்கம் வருவதே இல்லை.

கிடைத்த இந்த மூன்று ஆண்டுகளைத் தனியார் பள்ளிகள் என்ன செய்கின்றன? ஆறாம் வகுப்பிலேயே 'ஐஐடி ஃபவுண்டேஷன்' வந்துவிட்டது. அதற்குப் பீரியட் வேண்டுமே, எங்கிருந்து எடுப்பது? கணக்கிலிருந்து எடுக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஐந்தாக இருந்த சோஷியல் மூன்றாகும். மூன்றிலும் போர்ஷன் முடிக்க வேண்டும் என்பதால் பாடம் 'அண்டர்லைன் பண்ணிக்கோங்க' என்று சுருங்கும். இவ்வளவு கட்டணம் வாங்கிக்கொண்டு பத்தாம் வகுப்பை ஆறாம் வகுப்புக்கே இழுத்து வருவதற்கு ஒரு தனிப் பள்ளி எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த மூன்று வகுப்பின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. நான்காம் வகுப்புக் குழந்தை ராஜா கதை கேட்கும். பதினொன்றாம் வகுப்பு மாணவர், கேள்வி பரீட்சைக்கு வருமா என்று கேட்பார். நடுவில் இருக்கும் இந்த மூன்று வகுப்பிலும் ஓயாமல் காதில் விழுவது ஒரே வார்த்தை: "அநியாயம்." கடைசி பெஞ்சுக்கு முதலில் நோட்டு கொடுத்தால் அநியாயம். விளையாட்டு பீரியடை மழை தின்றாலும் அநியாயம். எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்க்கும் வயது. கூடவே இன்னொன்றும் முளைக்கிறது: "உங்களுக்கு எப்படித் தெரியும்?" வீட்டில் இது வாயாடித்தனம். மானுடப் பாடங்களுக்கோ இந்த இரண்டும்தான் மூலதனம். எது நியாயம், அது உனக்கு எப்படித் தெரியும் என்ற இரண்டையும் தவிர வரலாற்றாசிரியர்கள் வேறு என்ன கேட்கிறார்கள்?

இனி உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, 921. தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் கல்வெட்டறிஞர் வெங்கய்யா இவற்றை விரிவாக வெளியிட்டார். பாடப்புத்தகம் இரண்டையும் ஒன்றாக்கி 'உத்திரமேரூர்க் கல்வெட்டு' என்று ஒருமையில் சொல்லி நகர்ந்துவிடும். வகுப்பில் நான் முதலில் செய்வது இந்த ஒருமையை உடைப்பதுதான். இரண்டின் சாரத்தையும் எளிய தமிழில் தனித்தனித் தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுப்பேன். ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற விளையாட்டை வார இதழ்கள் இவர்களுக்கு ஏற்கெனவே பழக்கியிருக்கின்றன.

இரண்டிலும் இருப்பது, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஓலையைக் குடத்தில் இட்டுக் குலுக்கி ஆள் எடுக்கும் விதிகள். முதல் தாளில் உறுப்பினர் வயது 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. குலுக்கும் முறை இரண்டாவதில் படிப்படியாக, யாரும் கைவைக்க முடியாதபடி விரிகிறது. உடனே கேள்வி வரும்: "ரெண்டே வருஷத்துல ஏன்க்கா மாத்தினாங்க?" தீயவர்கள் ஒழிந்து நல்லவர்கள் தழைக்க வேண்டும் என்று கல்வெட்டு பொதுவாகச் சொல்கிறதே ஒழிய, என்ன தகராறு நடந்தது என்று சொல்லவில்லை. வகுப்பு அங்கேயே சூடுபிடிக்கும். முப்பது வயதுக்காரன் யாரோ பணத்தைச் சுருட்டியிருப்பான் என்று ஒரு கட்சி. எழுபது வயதுத் தாத்தா ஒருவர் விடாமல் சண்டை போட்டிருப்பார் என்று இன்னொரு கட்சி. கற்பனைக்கு நான் தடை போடுவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: "இதைக் கல்லு சொல்லுதா, நீ சொல்றியா?" வாரக் கடைசியில் இந்தக் கேள்வியை அவர்களே ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். என்னையும் கேட்பார்கள். கேட்கட்டும்.

அடுத்து, தகுதிகள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். இன்றைய அளவில் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கூடுதலாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்று சலுகை. கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் உள்ளே வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மச்சான், தாய்மாமன், அத்தை பிள்ளை, பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் என்று பட்டியல் நீள்கிறது. கழுதைமேல் ஏற்றப்பட்டவர்களுக்கும் பொய்ப்பத்திரம் எழுதியவர்களுக்கும் இடமில்லை. கழுதை வந்ததும் பத்து நிமிடம் வகுப்பு என் கையில் இருக்காது. அதற்கும் சேர்த்துத்தான் நேரம் ஒதுக்குகிறேன்.

உறவுப் பட்டியலைப் பலகையில் குடும்ப மரமாக வரையச் சொல்வேன். நடுவில் கணக்குக் காட்டாத ஒருவர். அவரைச் சுற்றி யார் யாரெல்லாம் அடிபடுகிறார்கள் என்று கோடு இழுத்துக்கொண்டே போனால் பலகையில் இடம் போதாது. போன ஆண்டு ஒரு பையன் வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தான். "அக்கா, சின்ன ஊருல ஒருத்தர் திருடினா பாதி ஊரே அவுட்டு. அதனால சொந்தக்காரங்களே அவரைப் பிடிச்சுக் கணக்கு காட்ட வெச்சிருப்பாங்க." கல் அப்படிச் சொல்லவில்லை, அவன் சொல்கிறான். ஆனால் விதியிலிருந்து அதன் விளைவை ஊகிக்கும் இந்தத் திறமைக்குத்தானே சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன!

பிறகு குலுக்கல். ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். வயதில் மூத்த நம்பி (கோயில் அர்ச்சகர்) ஒருவர் எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் எடுக்கிறான். அந்தக் கட்டை வேறொரு வெற்றுக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஓர் ஓலை எடுக்கிறார்கள். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் மற்ற நம்பிமாரும் வாசிக்க வேண்டும். இப்படித் தேர்ந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். 360 நாள் ஆனதும் இறங்கிவிட வேண்டும். இதை வகுப்பில் அப்படியே நடத்திப் பார்க்கிறோம். பானை, பனையோலை நறுக்கு, விரித்த கை. பனையோலைக்கு எங்கள் பகுதியில் பஞ்சமில்லை. ஓலை எடுக்கும் சிறுவன் வேடத்துக்குத்தான் போட்டி அதிகம். ஒருமுறை அந்த வேடம் கிடைத்த பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "மொத்தக் கல்வெட்டுலயும் குழந்தைங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு வேலைதான். அதுவும் ஒண்ணும் தெரியாதுங்கறதுதான் தகுதியா?"

அவள் திறந்த வாசல் வழியாகத்தான் அடுத்த வாரம் நுழைகிறோம். இந்தச் சபையில் யார் இல்லை? பெண்கள் இல்லை. நிலமில்லாதவர் இல்லை. இருப்பவர் வேதம் கற்றவர். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர், அவர்களுடைய சபை. உழுதவர், ஏரியில் மண் வெட்டியவர், ஓலை நறுக்கித் தந்தவர் பெயர் எதுவும் குடத்துக்குள் விழவில்லை. போதாக்குறைக்கு, இந்த ஏற்பாடு முடிவானபோது அரசனின் ஆணையோடு வந்த அதிகாரி சபையோடு உட்கார்ந்திருந்தார் என்றும் கல்வெட்டே சொல்கிறது. அப்படியானால் இது மக்களாட்சியா?

இந்த இடத்தில் வகுப்பு இரண்டாக உடையும். முதல் வாரம் 'ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நாம எலெக்‌ஷன் வெச்சோம்' என்று மார்தட்டிய அதே பிள்ளைகள், இப்போது 'எல்லாம் ஃபிராடு' என்று கையை உதறுவார்கள். பன்னிரண்டு வயதுக்கு நடுப்பாதை கிடையாது. ஐம்பது வயதுக்கும் கிடையாது என்பதை உங்கள் வாட்ஸ்ஆப் குழுக்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு பாதி பெருமைப் படங்களை அனுப்பும், மறுபாதி அதைப் பார்த்துச் சிரிக்கும், கல்வெட்டை யாரும் படித்திருக்க மாட்டார்கள். பெருமையும் இளக்காரமும் படிக்காமல் தப்பிக்கும் இரண்டு வழிகள் என்பது என் கட்சி. கணக்குக் காட்டாதவனின் மச்சானைக்கூட உள்ளே விடாத அந்த விதி அசலானது. இன்றைக்கும் நமக்கு உறைக்க வேண்டியது. ஊரில் பெரும்பாலோரை வெளியே நிறுத்திய விதியும் அதே சுவரில் அதே உளியால் வெட்டப்பட்டது. இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு நிற்கப் பழக்குவதற்குத்தான் மூன்று வாரம் கேட்கிறேன். ஒரே பீரியடில் நடத்தினால் பிள்ளை இரண்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும்.

மூன்றாம் வாரம் வகுப்பு கதைக்குப் போகும். வரி கட்டும் நிலம் என்பது தகுதி என்றால், வரி கட்ட முடியாதவர் வீட்டில் என்ன நடக்கும்? கல்வெட்டு அங்கே போகாது. கி. ராஜநாராயணனின் 'கதவு' போகும். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகும் கதை. அந்தக் கதவில் ஏறி விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளின் பக்கம் நின்று சொல்லப்பட்டது. சோழர் காலத்துக்கும் அந்தக் கரிசல் வீட்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டு இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்; அதைக் குழப்பிக்கொள்ள விடக்கூடாது. ஆனால் வரி என்ற ஒன்றைச் சபையின் பக்கத்திலிருந்து ஒருமுறையும், கதவில்லாமல் குளிரில் கிடக்கும் வீட்டின் பக்கத்திலிருந்து ஒருமுறையும் பார்த்துவிட்டவர்களுக்கு 'வரி செலுத்துவோர்' என்ற சொல் அதன்பிறகு வெறும் பாடப்புத்தகச் சொல்லாக இருப்பதில்லை. வரலாறும் இலக்கியமும் தனித்தனி ஆசிரியரிடம், தனித்தனிப் பீரியடில் இருந்தால் இந்தச் சந்திப்பு நடக்கவே நடக்காது. இரண்டையும் ஒரே ஆசிரியரிடம் கொடுத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எங்களிடம் இல்லை.

அடுத்து சொல்ல வேண்டியது கொஞ்சம் சங்கடமானது. சாதியைப் பற்றிப் பேசாமல் உத்திரமேரூரை நடத்த முடியாது. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, நாம்தான் நஞ்சை ஊட்டுகிறோம் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் சாதி தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சாதியைப் பற்றி ஓர் ஊகமும் இருக்கும். தெரியாதது, அதை வெளிச்சத்தில் வைத்துப் பேசும் முறைதான். அதற்கு எங்களிடம் ஒரு கண்டிப்பு உண்டு: வகுப்பில் எந்தக் குழந்தையும் 'எங்கள் வீட்டில்' என்று தொடங்கித் தன்னைச் சொல்லிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படக் கூடாது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டில் எல்கேஜியிலேயே வந்து சேர்ந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். வறுமை பற்றிய பாடம் வந்ததும் ஆசிரியரின் கண் தன்னையறியாமல் அந்த இருக்கைகளின் பக்கம் திரும்பும். அந்தத் திரும்பல் ஒன்று போதும், அந்தப் பிள்ளை அந்த ஆண்டு முழுக்க வாய் திறக்காமல் போவதற்கு. ஆசிரியர் பயிற்சி என்று எதையெதையோ நடத்துகிறோம். கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

பெற்றோர் பக்கம் வருகிறேன். "இதெல்லாம் பத்தாவதுக்கு உதவுமா?" என்பவர்களுக்குப் பதில் சுலபம், நிதானமாகப் படிக்கத் தெரிந்த பிள்ளை எந்தத் தேர்வையும் எழுதிவிடும். "எங்கள் குழந்தையைக் குழப்புகிறீர்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்வது கடினம். இந்தக் கடினம் நமக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் 1960களில் ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளரின் வழிகாட்டலில் ஒரு மானுடப் பாடத்திட்டம் உருவானது. 'மனிதன்: ஒரு பாடத்திட்டம்' என்று பெயர். ஏறத்தாழ நம் ஐந்து, ஆறாம் வகுப்பு வயதுதான். மனிதனை மனிதனாக்குவது எது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, சால்மன் மீனில் தொடங்கி, கடற்காகம், பபூன் குரங்கு வழியாக, வட கனடாவின் நெட்சிலிக் இனுயிட் மக்களிடம் வந்து சேரும். அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்தது. நெட்சிலிக் மக்களின் வாழ்க்கையைப் படமெடுத்து வகுப்பில் காட்டினார்கள். பனிப்பாலையில் முதியவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றியெல்லாம் குழந்தைகள் பேசத் தொடங்கியதும் பெற்றோர் சிலர் கொதித்தார்கள். 1975இல் விவகாரம் நாடாளுமன்றம்வரை போய், நிதி நின்று, பாடத்திட்டம் படுத்துவிட்டது. அரசியல்வாதிகளைத் திட்டிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தப் பாடத்திட்டத்திலேயே ஒரு குறை இருந்தது என்று நினைக்கிறேன். மனிதனைத் தேடி அது ஆர்க்டிக்வரை போனது. நகரத்தின் மறுபாதியில் இருந்த கறுப்பினக் குழந்தையின் பள்ளிவரை போகவில்லை. தூரத்து மனிதரைப் பற்றி வகுப்பில் எவ்வளவு துணிச்சலாகவும் பேசலாம். அவர் வந்து பதில் சொல்லப்போவதில்லை.

இந்தக் குறை எங்களைப் போன்ற பள்ளிகளுக்குப் பிறவிக் குறை. பாடத்திட்டத்திலிருந்து விடுதலை வாங்கிய அளவுக்கு மதிற்சுவரிலிருந்து நாங்கள் விடுதலை வாங்கவில்லை. 'சபையில் யார் இல்லை?' என்று மூன்று வாரம் கேட்கும் வகுப்பில், ஏதாவது ஒரு பிள்ளை ஒருநாள் 'இந்த வகுப்புல யாருக்கா இல்லை?' என்று கேட்காமலா போகும்? கேட்கவில்லை என்றால் பாடம் சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம்.

சுவரைத் தாண்டிய முன்மாதிரிகள் இருக்கின்றன. மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில், சுற்றியுள்ள கிராமத்துக் குழந்தைகளுக்காக உருவான அட்டைகளும் ஏணிப்படிகளும் 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தன. பிறகு 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவின. அதன் நிறைகுறைகளை இங்கே பேச நேரமில்லை. ஒரு தனியார் பள்ளியில் பிறந்தது ஊராட்சி ஒன்றியப் பள்ளிவரை நடந்து வந்தது என்பதே எனக்குப் போதும். மத்தியப் பிரதேசத்தில் 1982இல் தொடங்கப்பட்ட ஏகலவ்யா அமைப்பு, அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரைக்கான சமூக அறிவியல் நூல்களைக் கதைபோலப் படிக்கும்படி எழுதி, புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வெழுத விட்டது. புத்தகம் கையில் இருக்கும்போது 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று கேட்க முடியாது பாருங்கள். கேள்வித்தாள் தயாரிப்பவரும் யோசித்தாக வேண்டும். எங்கள் தேர்வுக்கு வழி அங்கிருந்து வந்ததுதான். இரண்டு தாளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு பிள்ளை ஒன்றே ஒன்று எழுத வேண்டும்: இவற்றை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது?

எங்கள் பள்ளிக்கு அடுத்து ஓர் ஏரி இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அதன் ஏழாம் வகுப்பும் எங்கள் ஏழாம் வகுப்பும் சில வெள்ளிக்கிழமை மதியங்களில் சேர்ந்து உட்காருகிறோம். உத்திரமேரூரில் ஏரி வாரியத்துக்கென்று அறுவர் இருந்தார்கள். வைரமேகத் தடாகம் என்ற அந்தப் பெரிய ஏரி இன்றும் இருக்கிறது. நம் ஏரியை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இதுதான் இரண்டு வகுப்புக்கும் பொதுக் கேள்வி. எங்கள் பிள்ளைகள் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தை எடுத்து 921உடன் ஒப்பிட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டு போனார்கள். வயது 21 ஆனால் போதும், நிலம் வேண்டாம், பெண்களுக்குப் பாதி இடம். அழகான பட்டியல், கலர் பென்சிலில். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கலங்கல் எங்கே இருக்கிறது, எந்த மதகு அடைத்துக்கொண்டது, வரத்துக்கால்வாயில் யார் சுவர் எழுப்பியிருக்கிறார் என்பதையெல்லாம் விரல் நீட்டிக் காட்டினார்கள். அவர்களில் பலருடைய அம்மாக்கள் நூறு நாள் வேலையில் அந்தக் கரையில் மண் சுமந்தவர்கள். அந்தப் பள்ளிச் சிறுமி ஒருத்தி எங்கள் தாளை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டாள்: "கடைமடை வயலுக்குத் தண்ணி யாரு முதல்ல விடணும்னு இதுல போட்டிருக்கா டீச்சர்?" போட்டிருக்கவில்லை. வாரியத்துக்கு ஆள் எடுப்பது எப்படி என்று அந்த இரண்டு கல்வெட்டும் சொல்கின்றன. தண்ணீரைப் பங்கிடும் வரிசையைச் சொல்லவில்லை. அத்தனை வாரம் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்த எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தண்ணீர் கடைமடைக்கு வராது என்பது அவர்கள் வீட்டில் யாருக்கும் நடந்ததில்லை.

அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்துக்கு இரண்டு வகுப்பும் போய் ஓரமாக உட்கார்ந்து கேட்டோம். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததால் இவர்கள் உறுப்பினர் இல்லை. அதை அந்தக் கல்வெட்டுச் சிறுவனோடு ஒப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் எழுதினார்கள். மதகு விஷயம் தீர்மானத்தில் ஏறியது. மதகு இன்னும் அடைத்தபடிதான் இருக்கிறது. பிள்ளைகள் அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த அவையில் தனியார் பள்ளித் தாளாளர்கள் சிலர் இருக்கிறீர்கள். அதனால் நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியோடு சேர்ந்து உட்கார அனுமதிக் கடிதம் வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும், நடங்கள். ஒரு வாரம் அவர்கள் இங்கே வந்தால் மறுவாரம் நாம் அங்கே போக வேண்டும். போகும்போது நோட்டுப் புத்தகம், பேனா, பிஸ்கட் பாக்கெட் எதையும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, போட்டோகிராபரும் வேண்டாம். கொடுக்கிற கை என்று ஒன்று வந்துவிட்டால் அங்கே வகுப்பு நடக்காது. கால அட்டவணையில் வெள்ளி மதியத்தை ஃபவுண்டேஷன் வகுப்பிடமிருந்து மீட்க வேண்டும். போர்ஷனில் மூன்று பாடம் விட்டுப்போகும். எந்த மூன்று என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் பள்ளியில் போன ஆண்டு விட்டுப்போனவற்றில் ஒன்று முகலாயர் நிர்வாகம். சண்டை வந்தது. எட்டாம் வகுப்பில் நடத்துவதாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி நேரத்துக்கு வரலாம். தாளாளர்கள் யாராவது முதலில் கையைத் தூக்கினால் வேன் செலவிலிருந்து தொடங்குகிறேன்.